நாற்பது நிமிடம் சும்மா இருப்பது

முதலில் வந்தது உங்கள் மகளின் அழுகைதான், தம்பி. நீங்கள் வந்தது அதற்கு அப்புறம். கேட் பக்கம் சத்தம் கேட்டதுமே, இது பசி அழுகை இல்லை, வலி அழுகையும் இல்லை, இடம் புதுசு என்கிற அழுகை என்று சொல்லிவிட்டேன். பசி அழுகை நடுநடுவே நின்று யாராவது வருகிறார்களா என்று பார்க்கும். வலி அழுகைக்கு மூச்சு வாங்க நேரம் இருக்காது. இது ஒரே சுருதியில் ஓடும், தண்ணீர் மோட்டார் மாதிரி. யார் கேட்டார்கள் என்கிறீர்களா? யாரும் கேட்கவில்லை. நானாக நித்யகலாவிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் நோட்டைத்தான் எடுப்பாள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் தள்ளிச் சாய்ந்துகொள்ளுங்கள். ராத்திரி ஷிப்டா? தலையெல்லாம் பஞ்சு. பிள்ளை பேர் கனிஷ்கா, வயது மூன்று, அம்மா காலை ஷிப்டில், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில். எல்லாம் படிவத்தில் இருக்கிறது, மறுபடி சொல்ல வேண்டாம். உங்கள் காலைப் பிடித்திருக்கிறாளே, விடச் சொல்லாதீர்கள். அவளைப் பார்க்கவும் பார்க்காதீர்கள். பார்த்தால் நாம் அவளுக்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். என்னைப் பாருங்கள். நான் பாசிப்பயறில் கல் பொறுக்குகிறேன், மத்தியானம் சுண்டலுக்கு. நீங்கள் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பேச ஒன்றும் இல்லையா? சரி, நான் பேசுகிறேன். எனக்குப் பேச இருக்கிறது.

இந்த மில் காப்பகத்தில் நான் இருபத்து மூன்று வருஷமாக டீச்சர். ருக்மணி டீச்சர் என்றால் ஸ்பின்னிங்கிலிருந்து கேன்டீன் வரைக்கும் தெரியும். கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவனுக்கே மூக்குச் சிந்தப் பழக்கியவள் நான். அதோ, வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே விளையாடுகிற பிள்ளைகளையும் இங்கே நம்மையும் மாறி மாறிப் பார்க்கிறாளே, அவள்தான் நித்யகலா. உதவியாளர். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அவளிடம் இருக்கிற சான்றிதழைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் தங்கக் கோடு போட்டது. என்னுடையது மூன்று மாதப் பால்வாடிப் பயிற்சி. லேமினேஷன் செய்துதான் வைத்திருக்கிறேன், உள்ளே கரப்பான் ஒன்று சேர்ந்து ஒட்டிவிட்டது, அதற்கு நான் என்ன செய்வது.

போன வருஷம் கார்த்திகையில் ஆபீசில் கூப்பிட்டார்கள். லோகநாதன் சார், ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி, நல்ல மனிதர், அவர் பையனும் இங்கேதான் கிடந்தான். ஒரு காகிதத்தை நீட்டினார். சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் தொழில் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும், பழைய சான்றிதழ் இனிச் செல்லாது, நிலை நான்கு என்று ஒன்று வந்திருக்கிறது, அதை வாங்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"வாங்கலேன்னா என்னங்க சார்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசை மேலிருந்த காலண்டரைப் பார்த்தார். "உங்க பேருக்கு நேரா உதவியாளர்னு போடணுங்க டீச்சர். நித்யகலா பேருக்கு நேரா டீச்சர்னு போடணும். சம்பளம் ஒண்ணும் கொறையாதுங்க. பேரு மட்டுந்தான்."

பேர் மட்டும்தான். தம்பி, என் வீட்டில் என்னை ருக்மணி என்று கூப்பிட்டவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில், போனில் அம்மா என்பான், ஞாயிறு ஒருநாள். மிச்ச ஆறு நாளும் என்னைக் கூப்பிட ஊரில் இருக்கிற ஒரே சொல் டீச்சர்தான். பால்காரன் டீச்சர், பஸ் கண்டக்டர் டீச்சர். அதை எடுத்து இவளிடம் கொடுத்துவிட்டால் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள், சொல்லுங்கள். பேரே இல்லாமல் 'ஏனுங்' என்பார்களா?

உங்கள் காலிலிருந்து ஒரு கையை விட்டுவிட்டாள். பார்க்காதீர்கள்.

சரி, புதுப்பிக்கிறேன் என்றேன். பத்து சனிக்கிழமை வகுப்பு, கோவையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். நாற்பது பேர் டீச்சர்கள், நாற்பது பேருக்கும் முட்டி வலி. முதல் நாளே தரையில் வட்டமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்துவிட்டோம். எழுப்பத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. கீழே முகூர்த்தம். பயிற்சி கொடுக்க வந்த பையன், பாவம், குழந்தையின் மூளை வளர்ச்சியைச் சொல்ல வாயெடுக்கிற நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டுவார்கள். அட்சதை போடுவதா குறிப்பெடுப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன் சொன்னான், "குழந்தைகிட்ட 'உக்காரு'ன்னு சொல்லக் கூடாதுங்க மேடம். 'உக்காந்துக்க விருப்பமா?'ன்னு கேக்கணும்."

"விருப்பமில்லைன்னா?" என்றேன்.

"நிக்கட்டுமே."

"பன்னண்டு பேரும் நின்னா?"

அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். அன்றைக்கு மத்தியானம் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுத்துப் பரீட்சையில் எண்பத்தெட்டு. நித்யகலாதான் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். தன் படிப்பு மறந்துபோகாமல் இருக்க என்னை வைத்துப் படித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் செருப்பு அலமாரிக்குப் போய்விட்டாள். விடுங்கள். கடித்தால் அவளே துப்புவாள்.

அடுத்தது செய்முறை. மதிப்பீடு செய்ய ஒரு மேடம் நேரில் வருவார், பிள்ளைகளின் சுதந்திர விளையாட்டைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. எனக்கு மூன்று வாரம் இருந்தது. தம்பி, நீங்களே சொல்லுங்கள். இருபத்து மூன்று வருஷத்தில் ஒத்திகை பார்க்காமல் நான் ஒரு ஆண்டு விழா நடத்தியதில்லை. கொடியேற்றத்துக்கு மிட்டாய் வாங்கக்கூட வரிசை பழக்கித்தான் நிறுத்துவேன். சுதந்திரமாக விளையாடுவதை மட்டும் பழக்காமல் எப்படி விடுவது?

பழக்கினேன். மணி அடித்தால் சுதந்திரம். இரண்டாவது மணி அடித்தால் முடிந்தது. ஹர்ஷித்துக்குக் கட்டை மூலை. "நீயா போய் எடுக்கணும், யாரும் சொல்லக் கூடாது, நான் கண்ணைக் காட்டுனதும் நீயா எடுக்கணும்" என்று சொல்லிவைத்தேன். கோபுரம் கட்டணும், எட்டாவது கட்டையில் விழணும், அழாமல் "பரவால்ல, மறுபடியும் கட்டலாம்" என்று சொல்லணும். அதற்கு மனவலிமை என்று பாடத்தில் பேர். அது தனி மதிப்பெண்.

நித்யகலா அப்போதே சொன்னாள். "டீச்சர், அவங்க அவங்களா வெளையாடறதைத்தானுங்க பாக்க வர்றாங்க."

"அவங்களா வெளையாடுனா ஹர்ஷித்து மண்ணைத் திம்பான். அதைக் காட்டட்டுமா மேடத்துக்கு?" என்றேன்.

இன்னொன்று, பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் டீச்சர் எப்படித் தீர்த்து வைக்கிறார் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மேடம் வருகிற அரை நாளில் சண்டை வராமல் போய்விட்டால்? அதனால் சண்டையும் ஏற்பாடு செய்தேன். அஃப்ரின், தன்யஸ்ரீ. இரண்டும் சாந்தமான பிள்ளைகள், சொன்னதைச் செய்வார்கள் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. ஒரே தட்டில் சாப்பிடுகிற பிள்ளைகள். பொம்மையைக் கொடுத்து இழுங்கடி என்றால் "நீ வெச்சுக்க", "இல்ல, நீ வெச்சுக்க" என்கிறார்கள். சண்டையே தெரியாத பிள்ளைகளுக்குச் சண்டை சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது. இரண்டு வாரம் ஆயிற்று, முகத்தில் கொஞ்சம் கோபம் வர.

நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள் தம்பி. தலையாட்டுகிறீர்கள், குறுக்கே பேசுவதில்லை. வேறு சில அப்பாக்கள் போனை நோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த நாளும் வந்தது. ஃபரீதா மேடம் என்று பேர். சின்ன வயது, முப்பது இருக்கும், கையில் ஸ்லேட் மாதிரி ஒரு டேப்லெட். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சின்ன நாற்காலியில் தானாக உட்காருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். மணி அடித்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்து, வரிசையாக, சுதந்திரமாகப் போனார்கள். ஒரு சத்தம் இல்லை. என் கண்ணே பட்டிருக்கும்.

ஹர்ஷித் எட்டுக் கட்டை அடுக்கினான். விழவில்லை. மூன்று வாரத்தில் அவனுக்குக் கை பழகிவிட்டது, அதை நான் யோசிக்கவில்லை. பையன் என்னைப் பார்க்கிறான், கோபுரத்தைப் பார்க்கிறான், மறுபடி என்னைப் பார்க்கிறான். அப்புறம் ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளிவிட்டு, மேடம் பக்கம் திரும்பி, "பரவால்ல, மறுபடியும் கட்டலாம்" என்றான். மேடம் பேனா முனையைக் கடித்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அஃப்ரினும் தன்யஸ்ரீயும் ஒரு பொம்மையை ஆளுக்கு ஒரு கை பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்கள். "டீச்சர், இப்ப நாங்க சண்டை போடலாமுங்களா?"

மேடம் கேட்டார், "வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க?"

தன்யஸ்ரீ சொன்னாள், "போய் வெளையாடுவோம்."

பாருங்கள், எவ்வளவு மரியாதையான பிள்ளைகள். சண்டை போடக்கூட உத்தரவு கேட்கிறார்கள். அதற்கு ஏதாவது மதிப்பெண் உண்டா என்றால் கிடையாது.

அது ஹர்ஷித்தின் சத்தம்தான். உங்கள் மகள் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டாள், அவன் கேட்டு வந்திருக்கிறான். இழுக்கிறார்கள். இருக்கட்டும். நீங்கள் எழுந்து ஓடவில்லை, நல்லது, உங்களுக்கு நிதானம் இருக்கிறது. சில அப்பாக்கள் இந்நேரம் நடுவில் போய் நின்றிருப்பார்கள். கதை முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டது, கேளுங்கள்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. மொத்தம் பன்னிரண்டு பிரிவு. பதினொன்றில் 'தகுதி பெற்றவர்'. பன்னிரண்டாவதில் 'இன்னும் தகுதி பெறவில்லை'. தோற்றுவிட்டாய் என்று எழுதியிருந்தால்கூட ஒருநாள் அழுதுவிட்டுப் போயிருப்பேன். 'இன்னும்' என்றால் என்ன அர்த்தம்? நான் மூக்குச் சிந்தப் பழக்கிய கேன்டீன்காரனுக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது, அவன் மகளே அடுத்த வருஷம் இங்கே வரப்போகிறாள், எனக்கு இன்னும் என்றால் எப்போது?

ஃபரீதா மேடத்துக்குப் போன் செய்தேன். சண்டை போடத்தான் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், ஒரே ஒரு குறிப்பு போதும். ஒரு குழந்தை நாப்பது நிமிஷம் தன் இஷ்டத்துக்கு எதையாவது செய்யட்டும். நீங்க பக்கத்துல இருங்க. சொல்லிக் குடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம், பாராட்டக்கூட வேண்டாம். கூட வேலை பாக்கறவங்க அதைப் பாத்து, மணியோட எழுதித் தரட்டும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எனக்கு வந்துடணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை என்றால் இன்றைக்கு.

நாற்பது நிமிடம் சும்மா இருப்பது ஒரு கஷ்டமா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். திங்கட்கிழமை ஹர்ஷித் மணி கோத்தான், நான் பக்கத்தில், நித்யகலா நோட்டோடு. ஆறாவது நிமிஷம், "சிவப்புக்கு அப்புறம் மஞ்சள் கண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. யாருடா அது என்று பார்த்தால் நான்தான். செவ்வாய்க்கிழமை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். வாய் பேசவில்லை, கை போய்விட்டது. அஃப்ரின் இடது காலை வலது ஷூவில் விடுகிறாள், எந்தக் கை சும்மா இருக்கும்? அது ஒன்பது நிமிஷம். புதன்கிழமை பல்வலி, கிராம்பு வைத்து வாயை மூடியிருந்தேன், பதினொரு நிமிஷம் தாண்டினேன். அப்புறம் தொண்டையிலிருந்து 'ம்ஹும்' என்று வந்துவிட்டது. அது சேருமா சேராதா என்று நித்யகலா யோசிப்பதற்குள், தண்ணீரைக் கொட்டப் போன பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டது. சேர்ந்துவிட்டது.

நேற்று நான் உட்காரவே இல்லை. "விடு பிள்ளை, நீயே டீச்சரா இருந்துக்க" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அந்த வேலை மேல் ஒரு கண் உண்டு, அதை மறைத்துப் பேச மாட்டேன். இல்லாவிட்டால் வேலை நேரம் முழுக்க என்னையே பார்த்து என்னத்தை எழுதுகிறாள்? ஆனால் அதைச் சொன்னதற்கு அவள் சந்தோஷப்படவில்லை. போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். சின்ன வயது, என்ன நினைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

சத்தம் நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு செருப்பு போட்டுக்கொண்டு நொண்டி விளையாடுகிறார்கள். இனி ஒன்றும் இல்லை.

இதோ, எழுந்து வருகிறாள். என்ன நித்யா?

கையெழுத்து வேண்டுமாம். எதற்கு என்று படித்துவிட்டுத்தான் போடுவேன். கண்ணாடியை எடு. தம்பி, தூக்கம் வருகிறதா, கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். இதைக் கேளுங்கள், நீங்களே சாட்சி. என்ன எழுதியிருக்கிறாள் என்று வாசிக்கிறேன்.

'9.38. குழந்தை அப்பாவின் காலைப் பிடித்து நிற்கிறாள். டீச்சர் குழந்தையை அழைக்கவில்லை. பயறு பொறுக்கியபடி அப்பாவிடம் பேசுகிறார்.' கேட்டீர்களா? புதுப் பிள்ளை அழுதுகொண்டு வருகிறது, டீச்சர் கூப்பிடாமல் வம்பு பேசுகிறாள் என்று எழுதுகிறாள். நான் சொன்னேன் அல்லவா?

'9.46. குழந்தை ஒரு கையை விடுகிறாள். டீச்சர் பார்த்தார். பார்க்காதது போல இருந்தார்.

'9.51. அப்பா தூங்கிவிட்டார். டீச்சருக்குத் தெரியாது.'

தம்பி, நீங்கள் தூங்கினீர்களா? ஒன்பது ஐம்பத்தொன்றிலிருந்தா? அப்படியென்றால் கல்யாண மண்டபம் எதுவும் நீங்கள் கேட்கவில்லையா? சண்டைக்கு உத்தரவு கேட்டதும் தெரியாதா? பரவாயில்லை, பரவாயில்லை, எழுந்திருக்காதீர்கள். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவர். நான்தான் பார்க்கவில்லை. பயறைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'9.58. செருப்புகளை ஜோடி சேர்க்கிறாள். இரண்டு ஜோடி தவறு. டீச்சர் திருத்தவில்லை.' இரண்டு இல்லை, மூன்று. அந்த நீலச் செருப்பும் ஜோடி மாறித்தான் இருந்தது, ஓரக்கண்ணால் பார்த்தேன்.

'10.09. ஹர்ஷித் தன் செருப்பைக் கேட்டான். இருவரும் இழுத்தார்கள். டீச்சரின் கை முறத்தை விட்டு எழுந்தது. மறுபடி முறத்துக்கே போயிற்று.

'10.14. ஆளுக்கு ஒரு செருப்பு. நொண்டி ஆடுகிறார்கள். இருவரும் சிரிக்கிறார்கள்.

'10.21.'

அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. என்னடி இது?

"நாப்பத்தி மூணு நிமிஷமுங்க டீச்சர்" என்கிறாள்.

இல்லை, இது எப்படிச் செல்லும்? "நான் ஒண்ணும் செய்யலையே நித்யா. இந்தத் தம்பிகிட்டப் பேசிக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்பாகிட்டப் பேசக் கூடாதுன்னு மேடம் சொல்லலீங்க. குழந்தைக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னுதான். நீங்க செருப்பைக் கடிச்சா அவளே துப்புவாள்னு சொன்னீங்களே, அதையும் எழுதட்டுங்களா?"

அது வேண்டாம். தம்பி, இவள் உண்மையாகத்தான் கேட்கிறாளா, கேலி செய்கிறாளா என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, நேற்றுப் பாத்திரம் கழுவினபோதும் இப்படித்தான் இருந்தது. சரி, பேனாவைக் கொடு. ஆனால் பொய் இருக்கக் கூடாது. நாற்பத்து மூன்று நிமிஷமும் நான் வாயை மூடவில்லை என்று கடைசியில் எழுது. இப்போதே எழுது. நான் பார்க்கிறேன். 'டீச்சர் முழு நேரமும் பேசிக்கொண்டே இருந்தார்.' ம். மேடம் இதைப் படித்துவிட்டு இல்லை என்றால் இல்லை. திருட்டுத்தனமாக வாங்கினால் எண்பத்தெட்டு மதிப்பெண்ணுக்குக் கேவலம்.

பேருக்குக் கீழே பதவி என்று ஒரு இடம் இருக்கிறது. அதை என்னைக் கேட்காமலே இவளே நிரப்பி வைத்திருக்கிறாள். டீச்சர் என்று. எழுத்தைப் பாருங்கள், கோணல்மாணலாக. தங்கக் கோடு போட்ட சான்றிதழ் வாங்கியவள் கையெழுத்தா இது? நாளையிலிருந்து இரண்டு வரி நோட்டு வாங்கி எழுதப் பழகு. இந்தா. போட்டோ எடுத்து அஞ்சு மணி வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காமல் இப்போதே அனுப்பு.

நீங்கள் கிளம்புங்கள் தம்பி, போய்ப் படுங்கள். ஒளிந்து மட்டும் போகாதீர்கள். கனிஷ்கா பக்கத்தில் போய், அப்பா போய்ட்டு மூணரைக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுதாலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பார்த்தீர்களா, சரி என்றுகூடச் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். நாளைக்கு உங்களுக்குத்தான் அழுகை வரும்.

கேட்டை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போங்கள். நித்யா, அந்த முறத்தை இந்தப் பக்கம் தள்ளு. இன்னும் கால் முறம் பயறு கிடக்கிறது, பதினொரு மணிக்குக் குக்கரில் போட வேண்டும்.